குவாக்குவாக்கவாக்கு மக்களின் முகமூடிகள்

குவாக்குவாக்கவாக்கு மக்கள் கனடாவின் மேற்குக் கரையில் வாழும் பழங்குடியினர். வான்கூவர் தீவின் வடபகுதியும், அதை அடுத்துள்ள சிறு தீவுகளும், எதிரேயுள்ள பெருநிலக் கரையும் இவர்களது தாயகம் ஆகும். 'குவாக்வாலா மொழி பேசுவோர்' என்பது இப்பெயரின் பொருள். பழைய மானிடவியல் நூல்கள் இவர்களைக் குவாகியுட்டில் எனக் குறிப்பிட்டன. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்ட இவர்களது முகமூடிகள் உலகின் பல அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. இவை அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு குடும்பத்தின் தோற்றக் கதை, பட்டப்பெயர், ஆடல் உரிமை ஆகியவற்றை ஊரறியக் காட்டும் சான்றுகள் இவை. பாட்லாட்ச் எனப்படும் இவர்களது சடங்கு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தபோது, முகமூடிகளும் குற்றப் பொருள்களாகக் கருதப்பட்டுப் பறிக்கப்பட்டன.

செய்முறை

முகமூடிகள் பெரும்பாலும் சிவப்புச் சீடர் மரத்தில் செதுக்கப்படுகின்றன. இம்மரம் இலேசானது, நேரான இழை கொண்டது, எளிதில் பிளக்கக்கூடியது. வாய்ச்சியால் உருவை வெட்டி, வளைந்த கத்தியால் நுட்பமான பகுதிகளைச் செதுக்குவர். கரியிலிருந்து கறுப்பும் காவிக்கல்லிலிருந்து சிவப்பும் பெறப்பட்டன. வண்ணம் மரத்தில் ஒட்டுவதற்காகச் சால்மன் மீனின் முட்டைகளை மென்று சாந்தாக்கிக் கலந்தனர். பிற்காலத்தில் வணிகர்கள் கொண்டுவந்த வண்ணங்களும் பயன்பாட்டுக்கு வந்தன. சீடர் மரப்பட்டையை நாராகக் கிழித்து, ஆல்டர் மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துச் சிவப்பாக்கி முகமூடியில் தொங்கவிடுவர். இந்தச் சிவப்பு நார் குளிர்காலச் சடங்குகளின் அடையாளம் ஆகும்.

உரிமையும் சாட்சியும்

முகமூடியைச் செதுக்கியவரோ அதை அணிந்து ஆடுபவரோ அதன் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. முகமூடி, அதற்குரிய பாடல், ஆடல், பெயர், கதை ஆகிய அனைத்தும் சேர்ந்து ஒரே உரிமையாக ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாகின்றன. அந்த உரிமை வாரிசாகவோ திருமண வழியாகவோ கைமாறும். பிறர் குடும்பத்தின் முகமூடியைக் காட்டி ஆடுவது பெரும் குற்றமாகக் கருதப்பட்டது. மரம் பழுதடைந்தால் புதிய முகமூடியைச் செதுக்கிக்கொள்ளலாம். உரிமை அதனால் மாறுவதில்லை.

இவ்வுரிமைகள் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. பெயர் சூட்டல், திருமணம், தலைமை ஏற்றல், இறந்தோரை நினைவுகூர்தல் போன்ற நிகழ்வுகளுக்காகக் குடும்பத்தலைவர் பாட்லாட்ச் நடத்துவார். 'கொடுத்தல்' என்பது இச்சொல்லின் பொருள். பெரிய மரவீட்டின் நடுவே நெருப்பு மூட்டப்படும். பெட்டிகளில் மறைத்து வைத்திருந்த முகமூடிகள் அதன் வெளிச்சத்தில் வெளிவரும். வந்த விருந்தினர் அனைவரும் அவற்றுக்குச் சாட்சிகள். இறுதியில் அவர்களுக்கு வழங்கப்படும் பரிசு அந்தச் சாட்சியத்துக்கான கொடை ஆகும். பரிசைப் பெற்றவர் தாம் கண்ட உரிமையை ஏற்றுக்கொண்டவராகிறார்.

முக்கிய முகமூடிகள்

ஹமாட்சா: குளிர்கால ஆடல்களில் மிக உயர்ந்தது இது. உலகின் வட எல்லையில் வாழும் மனிதத்தின்னி ஆவியால் பற்றப்பட்ட இளைஞன் காட்டிலிருந்து அடங்காப் பசியுடன் ஊருக்குத் திரும்புகிறான். அவனைத் தொடர்ந்து அந்த ஆவியின் பறவைகள் வருகின்றன. அண்டங்காக்கை, மண்டையோட்டைப் பிளக்கும் நீண்ட அலகுடைய ஹுக்ஹுக், வளைந்த அலகுப் பறவை ஆகியவை அவை. ஆடுபவர் கயிற்றை இழுக்கும்போது நீண்ட மர அலகுகள் படீரென மூடித் திறக்கும். பாடல்களாலும் சடங்குகளாலும் இளைஞன் படிப்படியாக அடக்கப்பட்டு மனித நிலைக்கு மீட்கப்படுகிறான். கட்டுக்கடங்காத பசியைச் சமூக ஒழுங்கு வெல்வதே இவ்வாடலின் உட்பொருள். பசியுடன் தொடங்கும் சடங்கு, கொடையில் நிறைவுறுவது குறிப்பிடத்தக்கது.

சூனுக்வா: காட்டில் வாழும் பேருருவப் பெண். கறுத்த முகம், குழிந்த கண்கள், குவிந்த சிவந்த உதடுகள் ஆகியவை இம்முகமூடியின் அடையாளங்கள். 'ஹூ, ஹூ' என்று ஒலியெழுப்பிக் குழந்தைகளைத் தன் கூடையில் போட்டுத் தூக்கிச் செல்பவள். ஆயினும் அவள் தூக்கக் கலக்கம் உடையவள். அறிவுள்ள குழந்தைகள் அவளை ஏமாற்றித் தப்பிவிடுவர். அவளே பெருஞ்செல்வத்தின் உரிமையாளரும் ஆவாள். எனவே இவ்வுருவம் அச்சம், செல்வம் ஆகிய இரண்டையும் ஒருசேரக் குறிக்கிறது.

பக்வாசு: காட்டு மனிதன், நீரில் மூழ்கி இறந்தோரின் ஆவிகளோடு தொடர்புடையவன். வழிதவறி வந்தவர்களுக்கு உணவு கொடுப்பான். அதை உண்டவர் அவனைப் போலவே ஆகி, மனித உலகுக்குத் திரும்புவதில்லை.

உருமாறும் முகமூடி: தச்சு நுட்பத்தில் மிகச் சிறந்த வகை இது. வெளியே ஒரு பறவை அல்லது விலங்கின் முகம் இருக்கும். ஆடுபவர் கயிறுகளை இழுத்ததும், கீல்களில் பொருத்தப்பட்ட பகுதிகள் விரிந்து உள்ளேயிருக்கும் மனித முகம் வெளிப்படும். இது வெறும் வேடிக்கை அன்று. பல குடும்பங்களின் தோற்றக் கதைப்படி, முதல் மூதாதை பறவையாகவோ விலங்காகவோ ஓர் இடத்துக்கு வந்து, தன் விலங்குத் தோற்றத்தைக் களைந்து மனிதராகி அங்கேயே குடியேறினார். முகமூடி திறக்கும் நொடியில் அந்நிகழ்வு சாட்சிகளின் முன் மீண்டும் நிகழ்கிறது. மூதாதை வந்திறங்கிய நிலத்தோடு குடும்பத்துக்கு உள்ள உறவும் அதன்வழி உறுதி செய்யப்படுகிறது.

தடையும் பறிமுதலும்

சேர்த்த பொருளையெல்லாம் கொடுத்துத் தீர்க்கும் வழக்கம் அரசு அதிகாரிகளுக்கும் மதபோதகர்களுக்கும் ஊதாரித்தனமாகத் தோன்றியது. அது இருக்கும்வரை இம்மக்களை மாற்ற இயலாது என்றும் அவர்கள் எண்ணினர். 1884 ஆம் ஆண்டு செவ்விந்தியர் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. 1885 முதல் பாட்லாட்ச் நடத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமானது.

ஆனாலும் தொலைவான தீவுகளில் சடங்குகள் தொடர்ந்தன. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் ஒரு பெரிய பாட்லாட்ச் நடத்தினார். அரசின் முகவராக இருந்த வில்லியம் ஹாலிடே இதற்காகப் பலர் மீது வழக்குத் தொடர உதவினார். உரையாற்றியது, ஆடியது, பரிசுகளைக் கொண்டு கொடுத்தது ஆகியவையே குற்றச்சாட்டுகள். தம் ஊரின் சடங்குப் பொருள்கள் முழுவதையும் ஒப்படைப்பவர்களுக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்படும் என்று கூறப்பட்டது. மறுத்த ஆண்களும் பெண்களும் வான்கூவர் நகருக்கு அருகிலிருந்த ஓக்கல்லா சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

ஒப்படைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பொருள்கள் அலர்ட் பே ஊரின் ஆங்கிலிக்கன் திருச்சபை மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு பகுதியை நியூயார்க்கின் சேகரிப்பாளர் ஜார்ஜ் ஹே வாங்கிச் சென்றார். எஞ்சியவற்றில் பெரும்பாலானவை ஒட்டாவா, டொரண்டோ நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. பெட்டியில் காக்கப்பட்டு, உரிய நாளில் மட்டும் நெருப்பொளியில் வெளிவந்த முகமூடிகள், பாடலும் பெயரும் இன்றிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றன.

மீட்பு

1951 இல் திருத்தப்பட்ட சட்டத்தில் தடைப்பிரிவு இடம்பெறவில்லை. தடைக்காலத்திலும் செதுக்கும் கலையைக் காத்துவந்த மங்கோ மார்ட்டின், 1953 இல் விக்டோரியா நகரில் தாம் கட்டிய மரவீட்டில் வெளிப்படையாகப் பாட்லாட்ச் நடத்தினார். முகமூடிகள் பறிபோயிருந்தாலும் உரிமைகளை நினைவில் வைத்திருந்த குடும்பங்கள் புதியவற்றைச் செதுக்கச் செய்தன.

பறிக்கப்பட்டவற்றைத் திருப்பித் தருமாறு இம்மக்கள் தொடர்ந்து கோரினர். அருங்காட்சியகம் அமைத்தால் தரலாம் என்று ஒட்டாவா தேசிய அருங்காட்சியகம் நிபந்தனை விதித்தது. அதன்படி 1979 இல் கேப் மட்ஜ் ஊரிலும், 1980 இல் அலர்ட் பே ஊரிலும் அருங்காட்சியகங்கள் திறக்கப்பட்டன. அலர்ட் பே நிலையத்தின் பெயர் உமிஸ்டா. போரில் சிறைபிடிக்கப்பட்டவர் மீண்டு வீடு திரும்புவதை முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். டான் கிரான்மரின் மகளும் மானிடவியலாளருமான குளோரியா கிரான்மர் வெப்ஸ்டர் இந்நிலையம் உருவாவதில் முக்கியப் பங்காற்றினார். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோனின் சேகரிப்பில் இருந்த தலையணி ஒன்றை அவரது மகள் 2003 இல் இங்குத் திருப்பி அளித்தார்.

உமிஸ்டாவில் மீட்கப்பட்ட முகமூடிகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அடைக்கப்படவில்லை. மரவீட்டின் அமைப்பிலான கூடத்தில், பாட்லாட்சில் அவை வெளிவரும் வரிசையைத் தழுவித் திறந்தவெளியில் வைக்கப்பட்டுள்ளன. அலர்ட் பேயின் பெரிய மரவீட்டில் இன்றும் பாட்லாட்ச் நடைபெறுகிறது. புதிதாகச் செதுக்கிய முகமூடிகள் சாட்சிகளின் முன் ஆடுகின்றன.