இராகலைப் புகைவண்டியும் இலக்சபானா மின்னும்

மலைநாட்டுப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியில் தொடங்கி, 1867இல் கண்டியையும் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்த புகையிரதத்தோடு அமைவர். நானுஓயாவிற் பிரிந்து சென்ற சிறு பாதையொன்றை நினைப்பார் சிலரே. இரண்டரை அடி அகலமே உடைய அவ்விருப்புப்பாதை 1903இல் நுவரெலியாவையும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலையையும் எட்டியது; நீளம் ஏறத்தாழ 19 மைல். அதன்வழித் தேயிலைப் பெட்டிகள் கீழிறங்கின. தோட்டங்களுக்கு வேண்டிய அரிசியும் உரமும் மேலேறின.

இதனை வீழ்த்தியது மோட்டார் லொறி. லொறி தொழிற்சாலை வாசலுக்கே வந்து நின்றது. புகைவண்டியை நம்பினாலோ பெட்டிகளை நிலையம்வரை கொண்டுசென்று, நானுஓயாவில் அகலப்பாதை வண்டிக்கு மீண்டும் மாற்றுதல் வேண்டும். 1940இல் பயணிகள் சேவை நின்றது. 1948இல் பாதையே மூடப்பட்டது. வணிகர் போட்ட கணக்குப் பிழையென்று கூறுதற்கில்லை. எண்ணெய்க் கப்பல் வாராத நாளும் உண்டாகலாம் என்பதொன்றே அக்கணக்கில் இடம்பெறவில்லை.

ஈண்டு ஆண்டுகளைச் சற்று உற்றுநோக்குதல் தகும். மலையருவிகளின் ஆற்றலால் விளக்கெரிப்பதோடு புகையிரதத்தையும் இயக்கலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். இலக்சபானா நிலையம் மின் வழங்கத் தொடங்கியது 1950இல். அஃதாவது இராகலைப் பாதை மூடப்பட்டு ஈராண்டின் பின். பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீருள் மறைந்தது. ஊரையே கொடுத்த இம்மலைகளின் மின், கொழும்புவரை சென்றது. ஹட்டனை அடுத்த சிங்கமலைச் சுரங்கத்தினூடே செல்லும் வண்டியோ, நிலக்கரியை விட்டு டீசலைப் பற்றியதேயன்றி, இன்றளவும் மின்னால் ஓடியதில்லை.

2022இல் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. மின்வெட்டும் உடனிருந்தது உண்மையே. ஆயினும் நீர்மின் முற்றாக நின்றதில்லை. மீண்டும் திறந்தபின்னும் பேருந்து அரிதாகவே, நானும் மாணவரும் இராகலை வீதியில் நடந்தோம். சிறுவயதிற் சரக்கு வண்டியைக் கண்ட தோட்டத்து முதியவர் ஒருவர் எம்மை நிறுத்தி, “அந்த ரயில் இருந்தா நீங்க நடப்பீங்களா, வாத்தியாரையா?” என்றார். அவ்வண்டிக்கும் கரி கடல் கடந்தே வந்ததென்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ அதற்குள் எதிர்மலையில் இறங்கிச்செல்லும் மின்கம்பிகளைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.