வண்டுகளும் வண்ணங்களும்: செய்யுட் கணக்கு சமன்பாடாகும் முறை

பண்டை இந்தியாவில் கணக்கு நூல்கள் பெரும்பாலும் செய்யுளிலேயே இயற்றப்பட்டன. கற்பதை மனத்தில் இருத்த வேண்டியிருந்த காலத்தில் யாப்பு நினைவிற்குத் துணையாயிற்று. ஆயினும், செய்யுளாகக் கேட்ட கணக்கைச் செய்யுளாகவே வைத்துக்கொண்டு விடை காண இயலாது. சொற்களில் பொதிந்துள்ள அளவுகளையும் அவற்றிடையே அமைந்த உறவையும் வேறொரு மொழியிற் பெயர்த்தல் வேண்டும். இப்பெயர்ப்பின் இயல்பை நன்குணர்ந்தவர் இரண்டாம் பாஸ்கரர்.

1114இல் பிறந்த பாஸ்கரர் தமது 36ஆம் அகவையில், 1150இல், ‘சித்தாந்த சிரோமணி’யை இயற்றினார். அவருடைய ‘லீலாவதி’ எண்கணிதத்தையும், ‘பீஜகணிதம்’ இயற்கணிதத்தையும் உரைப்பன. இரண்டிலும் இடம்பெறும் வண்டுக் கணக்கு புகழ்பெற்றது. வண்டுக் கூட்டமொன்றில் பாதியின் வர்க்கமூலம் மல்லிகையினத்து மலரை நாடிச் செல்கிறது. முழுக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் பின்தொடர்கிறது. எஞ்சியவை இரண்டே. இரவில் மணத்தால் ஈர்க்கப்பட்டுத் தாமரைக்குள் சிறைப்பட்ட ஆண் வண்டு முரல, வெளியே பெண் வண்டு எதிர்முரல்கிறது. மொத்த வண்டுகள் எத்தனை?

அகப்பாடல் போன்ற இக்காட்சியைச் சமன்பாடாக்குகையில் பாஸ்கரர் முதலிற் செய்வது பெயரிடுதல். அறியா அளவுக்கு அவர் வழங்கும் பெயர் ‘யாவத்தாவத்’. எவ்வளவோ அவ்வளவு என்பது பொருள். அதன் முதலெழுத்தாகிய ‘யா’ குறியீடாகும். ஒன்றுக்கு மேற்பட்ட அறியா அளவுகள் வருமாயின் காளகம், நீலகம், பீதகம், லோஹிதகம் எனக் கருமை, நீலம், மஞ்சள், செம்மை ஆகிய வண்ணங்கள் பெயராகும். ‘வர்ணம்’ என்னும் சொல் வடமொழியில் நிறத்தையும் எழுத்தையும் ஒருங்கே குறிப்பது நோக்கத்தக்கது.

இங்கே கூட்டத்தையே ‘யா’ எனக் கொள்ளாமல், ‘யா’வின் வர்க்கத்தைப் போல் இருமடங்கு எனக் கொள்கிறார் பாஸ்கரர். பாதியின் மூலம் அப்போது ‘யா’ என எளிதாகிவிடுகிறது. ஒன்பதில் எட்டுப் பங்கு நீங்கியபின் எஞ்சும் ஒன்பதில் ஒரு பங்கு, ‘யா’வுடன் 2 சேர்ந்ததற்குச் சமம். பின்னம் நீக்கினால் 2 யாவர்க்கம், 9 யாவும் 18உம் கூடியதற்குச் சமமாகும். யா 6, கூட்டம் 72. சரிபார்த்தால், 36இன் மூலம் 6, ஒன்பதில் எட்டுப் பங்கு 64, எஞ்சியது 2. எதற்குப் பெயரிடுவது என்னும் தேர்விலேயே பாதிக் கணக்கு முடிந்துவிட்டது.

பெயர்ப்பு அத்துடன் நிறைவுறுவதில்லை என்பதைக் குரங்குக் கணக்குகள் காட்டுகின்றன. ஒன்றில், கூட்டத்தின் எட்டிலொரு பங்கின் வர்க்கம் காட்டில் விளையாட, 12 குரங்குகள் மலைமேல் உள்ளன. விடை 48, 16 என இரண்டாகும், இரண்டும் பொருந்தும். மற்றொன்றில், ஐந்திலொரு பங்கில் மூன்று குறைத்து வர்க்கித்த தொகை குகைக்குள் செல்ல, ஒரு குரங்கு மட்டும் கண்ணுக்குப் புலனாகிறது. சமன்பாடு 50, 5 என இரு விடை தருகிறது. ஐந்தைப் பாஸ்கரர் ஏற்கவில்லை. ஐந்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்தால் குறையெண் வரும். குரங்குகளின் தொகை அவ்வாறிருப்பதை உலகத்தார் ஒப்பார் என்பது அவர் காட்டும் காரணம். சமன்பாடு ஏற்றதைச் சொல் மறுத்தது; இறுதித் தீர்ப்பு சொல்லிடமே இருந்தது.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, சமன்பாடுகளைக் குறியீடின்றி முழுச் சொற்களிலேயே எழுதினார். அறியா அளவை அவர் ‘பொருள்’ என்றார். வேல்சைச் சேர்ந்த ராபர்ட் ரெக்கார்டு 1557இல் சமக்குறியைப் புகுத்தினார். லீலாவதியை அக்பரின் ஆணைப்படி 1587இல் பாரசீகத்தில் பெயர்த்தவர் அரசவைக் கவிஞரான ஃபைஸி என்பது கவிஞர்கள் மகிழத்தக்க செய்தி. தமிழில் காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ செய்யுள் மரபைப் பேண, விசுவநாத பிள்ளையின் ‘வீசகணிதம்’ 1855இல் யாழ்ப்பாணத்தில் அச்சேறியது.

சமன்பாட்டில் மலரும் மணமும் இரவும் உதிர்ந்து, உறவு மட்டுமே எஞ்சுகிறது. எனினும், எதற்குப் பெயரிடுவது என்று தேர்பவனும், வந்த விடை உலகிற்கு ஒக்குமா என்று ஆய்பவனும் செய்யுளைப் பொருளுணர்ந்து படித்தவனாக இருத்தல் வேண்டும். பாஸ்கரர் தம் கணக்கில் வண்டுகளைப் பாடவைத்தது வெறும் அணிக்காக அன்று எனலாம்.