வீதி வளர்த்த தவில்

திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் சாலையில் அமைந்திருக்கும் கூத்தாநல்லூர், கடல் கடந்து சென்று வாணிபம் செய்து பொருளீட்டிய முஸ்லிம் பெருமக்களின் ஊர் என்றே பலராலும் அறியப்படுகிறது. ஆயினும் அவ்வூரை நடுவில் வைத்துச் சுற்றிலும் நோக்குகிறவர்களுக்கு வேறொரு பெருமையும் புலப்படும். கிழக்கே திருவாரூர், மேற்கே மன்னார்குடி, வடமேற்கே நீடாமங்கலம், அதற்கும் அப்பால் வலங்கைமான், அரித்துவாரமங்கலம் என்று, தவில் வாத்தியத்தைத் தென்னாடு முழுவதும் தலைநிமிர்ந்து நிற்கச் செய்த வித்வான்களின் ஊர்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. அந்த வித்வான்களை ஆக்கியவை சபா மேடைகள் அல்ல. கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகள்தாம் என்பது என் துணிபு.

பழைய நாட்களில் ஸ்வாமி புறப்பாடு எப்படி நடந்தது என்பதை இன்றைய தலைமுறைக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இரவு ஒன்பது அல்லது பத்து மணிக்குக் கோபுர வாசலில் தவில்காரர் அளாரிப்பு வாசித்துத் தொடங்கி வைக்க, நாதஸ்வரம் கம்பீர நாட்டையில் மல்லாரியை எடுக்க, ஸ்ரீபாதம் தாங்குவோர் அந்தத் தாளத்துக்கேற்ப அடியெடுத்து வைக்க, தீவட்டி வெளிச்சத்தில் நகரத் தொடங்கும் ஊர்வலம், நான்கு வீதிகளையும் சுற்றி நிலைக்குத் திரும்பும்போது கீழ்வானம் வெளுத்துவிடுவதும் உண்டு. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று வகுத்திருந்தார்கள். வீதி முனைகளில் ஸ்வாமி நிற்பார். மேளக்காரர்கள் திரும்பி ஸ்வாமியை நோக்கி நின்று கொள்வார்கள். அங்கே ராக ஆலாபனையும் ரக்தியும் பல்லவியும் நாழிகைக் கணக்கில் நடக்கும். இன்ன இடத்தில் இன்னது வாசிக்க வேண்டும் என்ற ஸம்பிரதாயம் ஊருக்கு ஊர் உறுதியாக இருந்தது. மன்னார்குடி ராஜகோபாலஸ்வாமிக்குப் பங்குனி உத்ஸவம் பதினெட்டு நாட்கள்; அத்தனை நாட்களும் வீதிவலம் உண்டென்றால், மேளக்காரரின் கால்கள் எவ்வளவு நடந்திருக்கும், அவருடைய தோள் எவ்வளவு சுமந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக் கொள்ளலாம்.

தவில் என்பது பலாமரத்தைக் குடைந்து, இருபுறமும் தோல் போர்த்து, அந்நாளில் தோல்வார்களால் இறுக்கிக் கட்டிய கனமான வாத்தியம். அதன் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது கை விரல்களில் துணிச்சுற்றுகளைப் பசையில் தோய்த்து உலர்த்திய கூடுகளை அணிந்து வலந்தலையிலும், இடது கையில் பூவரசங் குச்சியைப் பிடித்துத் தொப்பியிலும் வாசிக்க வேண்டும்; அதையும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். ஆகவே சிறு பிராயத்திலேயே அப்பியாசம் தொடங்கிவிடும். விடியற்காலையில் பலகையின்மீது குச்சியைத் தட்டிச் சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகுகிற பிள்ளை, இரவில் குருவோடு புறப்பாட்டுக்குப் போய்த் தாளம் போடுவான், அல்லது ஒத்துப் பிடிப்பான். தூக்கம் கண்ணைச் செருகினாலும் தாளம் தப்பக்கூடாது. இவ்வாறு பல வருஷங்கள் நடந்தவனுக்கு, காலப்பிரமாணம் என்பது எண்ணிப் பார்த்துக் கண்டுகொள்ளும் கணக்காக இராமல், அவனுடைய அடி வைப்பிலும் மூச்சிலும் கலந்த ஒன்றாகிவிடும். தொழிலை விட்டு வீட்டோடு இருக்கும் கிழவர்களுக்கும் தோளில் பட்டை பதிந்த காய்ப்பும், தடித்த விரற்கணுக்களும், சில வேளைகளில் மந்தமான செவியும் எஞ்சியிருப்பதுபோல், எங்கோ ஒரு மேளம் கேட்டமாத்திரத்தில் தொடையின்மீது விரல்கள் தாமே எழுந்து விழும் பழக்கமும் எஞ்சியிருக்கிறது. உடம்பு கற்றுக்கொண்டதை உடம்பு எளிதில் மறப்பதில்லை.

நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) இந்த வீதிப் பள்ளியில் தேறியவர்களுள் தலையாயவர். நாதஸ்வரத்துக்குப் பக்கபலம் என்ற அளவில் எண்ணப்பட்டு வந்த தவிலுக்கு, அதைக் கேட்பதற்கென்றே ஜனங்கள் திரண்டு வரும் தனி அந்தஸ்தைத் தேடித் தந்த மகாவித்வான் அவர். ஒரு கச்சேரிக்கெனத் தனியே வரவழைக்கப்படும் ‘ஸ்பெஷல் தவில்’ என்னும் வழக்கம் அவர் காலத்தில்தான் செல்வாக்குப் பெற்றது. இந்தச் செல்வாக்கு கடலையும் தாண்டியது. யாழ்ப்பாணத்துக் கோயில்களின் உத்ஸவங்களுக்குத் தஞ்சாவூர் மேளங்கள் பல மாதங்கள் போய்த் தங்கி வாசித்ததும், அங்கே இணுவிலில் பிறந்த தட்சிணாமூர்த்தி (1933–1975) இங்கே வந்து நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளையிடம் தவில் பயின்று, தமிழகத்து வித்வான்களே வியக்கும்படி வாசித்ததும், அந்தப் போக்குவரவின் பயன்களாகும்.

இனி, மகிழ்ச்சியோடு எழுத இயலாத பகுதிக்கு வருகிறேன். வீதி அந்த மனிதர்களுக்கு வித்தையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, அவமானத்தையும் கொடுத்தது. ஊர்வலத்தில் வாசிப்பவன் மேலாடை அணியலாகாது, துண்டை இடுப்பில்தான் கட்டவேண்டும், பெரிய மனிதர்களுக்கு முன் உட்காரலாகாது என்ற கட்டுப்பாடுகள் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப காலத்தில், கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலத்தின்போது, வியர்வையைத் துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்த மதுரை சிவக்கொழுந்து என்ற நாதஸ்வர வித்வானை அதை எடுத்துவிடும்படி சிலர் வற்புறுத்த, உடனிருந்த அவ்வியக்கத்தவரான பட்டுக்கோட்டை அழகிரிசாமி எடுக்கவே கூடாது என்று தடுத்து நின்ற செய்தி பிரஸித்தமானது. திருக்குவளையில் இசைப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட மு. கருணாநிதி, மேலாடையின்றி நிற்கவேண்டியிருந்த அந்த இழிவைப் பொறாமல் பயிற்சியையே கைவிட்டதைத் தம்முடைய ‘நெஞ்சுக்கு நீதி’யில் பதிவு செய்திருக்கிறார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, ஷெர்வாணி அணிந்து, மேடையில் அமர்ந்து வாசித்ததை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் உண்டு. அது ஒரு பரம்பரையின் முதுகு நிமிர்ந்த வரலாறு என்றே நான் கருதுகிறேன். 1947 ஆகஸ்டில் தில்லியில் சுதந்திரத்தை வரவேற்று ஒலித்ததும் அவருடைய நாதஸ்வரமே. நாதஸ்வரமும் தவிலும் வாசித்தவர்களுக்காவது ஸ்வாமியின் முன்னே நடக்கும் உரிமை இருந்தது. பறை கொட்டியவர்களுக்கு அந்த வீதிகளுக்குள் நுழையும் உரிமையே மறுக்கப்பட்டது. சாவு வீட்டுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அவர்களுடைய பிள்ளைகள் பின்னாளில் உறுதி பூண்டார்களென்றால், அந்த உறுதியும் பறையோடு நடந்த வாழ்க்கை மனத்தில் ஆழப் பதித்துவிட்ட தழும்புதான்.

எனவே பழைய நாள் அப்படியே திரும்பி வரவேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மேடையும் மேலாடையும் மரியாதையும் போராடிப் பெற்றவை, அவை நிலைத்திருக்கவேண்டும். ஆனால் மேடை ஏறியபோது வீதியைக் கைவிட்டோம் என்பதும் உண்மை. 1963ஆம் வருஷத்து இனாம் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் கோயில் மேளத்துக்கென்று விடப்பட்டிருந்த மானிய நிலங்களின் நிலைமை மாறியது. தோல்வார்கள் போய் இரும்புக் கம்பிகளும் திருகாணிகளும் வந்ததால் தவிலின் சப்தம் கூடியது; அதைக் கேட்க நிற்கிறவர் தொகையோ குறைந்தது. இரவு முழுவதும் நடந்த புறப்பாடு பல ஊர்களில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிறது. ராகத்துக்காக ஸ்வாமி நின்ற முனைகளில் ஒலிபெருக்கி நிற்கிறது. ஆனாலும், நாகப்பட்டினத்திலிருந்து நாகூர் தர்காவுக்கு வரும் கந்தூரிக் கொடி ஊர்வலத்தில் இன்றும் மேளதாளங்களோடு வீதி நிறைவதைக் காண்கையில், ஜனங்களுக்கு ஆசை வற்றிவிடவில்லை என்ற ஆறுதல் உண்டாகிறது.

திருவாரூரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது; தவிலும் நாதஸ்வரமும் அங்கே மூன்று ஆண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பறையோடு வீதியும் வேண்டும். சுற்றுவட்டத்துக் கோயில்களின் தர்மகர்த்தாக்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: வருஷத்தில் ஓர் உத்ஸவ இரவிலேனும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, நான்கு முனைகளிலும் ஸ்வாமியை நிறுத்தி, மேளக்காரருக்கு உரிய நேரமும் உரிய ஊதியமும் கொடுத்து, இளம்பிள்ளைகளை அவர்களோடு நடக்கவிடுங்கள். வாசகர்களும் அன்று வாசலைத் தாழிட்டுவிடாமல் வீதிக்கு வந்து, அவர்கள் முன்னால் சற்று நேரம் நின்று கேளுங்கள்.