செய்திக்குழுவும் ஓமந்தூராரும்

செஞ்சிப் பக்கத்துத் தொண்டூர்ப் பாறையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. யார் சொல்லி இந்த வேலை நடந்தது, யார் செய்தார் என்று இருவர் பெயரையும் அது சொல்கிறது. செய்தவர் பெயரை விடாமல் பொறிக்கும் வழக்கம் நமக்கு அவ்வளவு பழையது. செய்ததைப் படியெடுக்க யாரிடம் அனுமதி கேட்பது என்ற வழக்குதான் புதியது.

அந்த வழக்கில் சிக்கிய பெரிய வலை யூஸ்நெட். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979இல் யோசித்த ஏற்பாடு. ஒருவர் எழுதியதை ஒரு கணினி அடுத்த கணினிக்குக் கொடுக்கும், அது அடுத்ததற்கு. முதலாளி என்று யாரும் கிடையாது. வெளிநாடு போன தமிழர்கள் ‘சோக்.கல்ச்சர்.தமிழ்’ என்ற செய்திக்குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிச் சண்டை போட்டது இங்கேதான்.

எழுத்துக்காகப் போட்ட பாதையில் பாட்டும் படமும் துண்டு துண்டாக ஏறின. அப்புறம் வக்கீல்கள் வந்தார்கள். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 2007இல் யூஸ்நெட்.காம் மீது வழக்குப் போட்டு 2009இல் வென்றன. நெதர்லாந்தில் காப்புரிமை காக்கும் பிரெய்ன் அமைப்பு தொடுத்த வழக்கில் தோற்ற, யூஸ்நெட் சேவை தந்த என்.எஸ்.இ. நிறுவனம் 2011இல் கடையை மூடியது. மேல்முறையீட்டில் 2014இல் தீர்ப்பு அதன் பக்கம் திரும்பியது. மூடிய கடைக்குச் சாதகமான தீர்ப்பால் என்ன லாபம்?

யூஸ்நெட் தேய்ந்த பழியை முழுவதும் காப்புரிமை மேல் போடுவது நியாயமில்லை. விளம்பரக் குப்பை 1994லேயே குழுக்களுக்குள் புகுந்துவிட்டது. இணையதளங்கள் எளிதாக இருந்ததால் பேச வந்தவர்கள் அங்கே போனார்கள். 2008இல் நியூயார்க் அரசு வழக்கறிஞர் குழந்தைகள் ஆபாசப் படங்களைக் காரணம் காட்டி நெருக்கியபோது, இணையச் சேவை நிறுவனமான டைம் வார்னர் கேபிள் யூஸ்நெட் சேவையையே நிறுத்தியது. பேச்சுக்கு ஆள் குறைந்து, கோப்புகளால் செலவும் வம்பும் கூடிவிட்டதால், கைவிட ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்ற நிலை. பிறந்த வீடான டியூக்கே 2010 மே மாதம் தன் யூஸ்நெட் கணினியை அணைத்தது.

அதே காலத்துத் தமிழர்களில் ஒரு கூட்டம் மட்டும் வக்கீல் நோட்டீசுக்கு இடம் கொடுக்காமல் வேலை செய்தது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் அது. உரிமைக் காலம் முடிந்த நூல், நாட்டுடைமையான நூல், அல்லது எழுத்தாளர் அனுமதி தந்த நூல், இவற்றைத்தான் ஏற்றுவார்கள். சங்க நூல்களுக்குச் சிக்கலில்லை. பாரதிதாசன் 1964இல் மறைந்தவர். சட்டப்படி 2024 முடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். தமிழக அரசு 1990இல் நாட்டுடைமை ஆக்கியதால் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போயிற்று.

அந்த வழக்கத்துக்கு விதை போட்டவர் நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், அன்றைய சென்னை மாகாண முதல்வர், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். பாரதி பாட்டின் இசைத்தட்டு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ‘பில்ஹணன்’ படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைப் பயன்படுத்தப் போக, விவகாரம் வழக்கு வரை போனது. பாரதி பாட்டு யார் சொத்து என்று ஊரே கேட்டது. 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமைகளை வாங்கியது. செட்டியார் தன் பங்கைக் காசு வாங்காமல் கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. யாரையும் கைது செய்யாமல், யார் வயிற்றிலும் அடிக்காமல் முடிந்த காப்புரிமைத் தகராறு இதைப்போல் வேறு எத்தனை இருக்கும்?

நூல் கிடைத்தும் அதைத் திரையில் எந்த எழுத்துருவில் காட்டுவது என்று மதுரைத் திட்டத்தார் முட்டி மோதிய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)