ஏழுகறிக் கூட்டும் அதன் காய்களின் வரலாறும்

மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாள் இரவு நம் ஆலய மடப்பள்ளியில் நடைபெறும் காய் நறுக்கும் பணியில் அடியேனும் சில ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கு நிகழ்ந்த ஒரு சிறு வாக்குவாதமே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. அன்பர் ஒருவர் நல்ல மனத்தோடு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கை உபயமாகக் கொண்டுவந்து இறக்கினார். மடப்பள்ளிப் பொறுப்பிலிருந்த பெரியவர் அதனைக் கூட்டில் சேர்க்க மறுத்துவிட்டார். "தம்பி, இது சீமைக் கிழங்கு. சுவாமி காரியத்துக்கு நாட்டுக் காய்தான் ஆகும்" என்றார். உபயகாரரின் முகம் வாடிப்போயிற்று. அவ்வேளை என் அரிவாள்மணையில் இருந்தது பரங்கிக்காய். அதன் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். நறுக்குவதை நிறுத்திவிட்டேன்.

பரங்கி என்னும் சொல் ஐரோப்பியரைக் குறிப்பதாகும். பிராங்கு என்னும் இனப்பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியாக உருமாறித் தமிழுக்கு வந்து பரங்கியாயிற்று. சென்னையில் உள்ள பரங்கிமலையும் போர்த்துகீசியரின் தொடர்பால் பெற்ற பெயர் அது. அப்படியாயின், நாட்டுக் காய் என்று நாம் நம்பி நறுக்கிக் கொண்டிருந்தது எந்த நாட்டுக் காய்?

திருவாதிரைக் களியைப் பற்றி வாசகர்களுக்கு விரிவாகக் கூறவேண்டிய தேவையில்லை. தில்லையில் விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், மழையால் விறகு விற்காத ஒரு நாளில், வீட்டிலிருந்த மாவைக் கொண்டு களி கிண்டிச் சிவனடியாருக்குப் படைத்தார் என்பதும், மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிந்திக் கிடந்தது என்பதும் வழிவழியாக நாம் கேட்டுவரும் வரலாறு. திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி என்பது ஊர் வழக்கு. ஆனால் அவ்வரலாற்றில் கூட்டு இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. வறியவர் வீட்டுக் களிக்குத் துணைக்கறி ஏது? வெல்லமும் நெய்யும் சேர்ந்த களியின் இனிப்புக்கு ஈடாகப் புளிப்பும் காரமும் உடைய ஒரு கூட்டு பின்னாளில் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஏழுகறிக் கூட்டு என்றும், சில பகுதிகளில் தாளகம் என்றும் வழங்கப்படுவது இதுவே. பொங்கல் திருநாளிலும் பல குடும்பங்கள் இதனைச் செய்வர். காய்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் அமையவேண்டும் என்பது ஒன்றே மாறாத விதி. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று எனக் குடும்பத்தின் வசதிக்கேற்பக் கூடும்.

இப்பருவத்தில் இக்கூட்டு செய்யப்படுவதற்குக் காரணம் எளிது. மார்கழி, தை மாதங்களில் தமிழ்நாட்டுக் கொல்லைகளில் அவரை காய்த்துக் குலுங்கும், பச்சை மொச்சை உரிக்கக் கிடைக்கும், கிழங்குகள் தோண்டப்படும். விளைந்ததில் எல்லாம் ஒரு பிடி எடுத்து ஒரே பானையில் இடுவது உழவர் வீட்டு வழக்கம். நம் நாட்டில் அப்பருவம் இல்லை. இங்கே மார்கழி என்பது பெருமழைக் காலம். ஆகையால் காய்ந்த மொச்சையை முதல் நாள் இரவே ஊறவைக்கிறோம். மற்றவற்றைச் சந்தையில் வாங்குகிறோம்.

இனி அந்தப் பானைக்குள் இருக்கும் காய்களைச் சற்று விசாரிப்போம். கோப்புகளோடு காலம் கழிக்கும் அரசாங்க ஊழியனாகிய எனக்கு, ஒவ்வொரு காயின் பெயரும் அதன் பிறப்புப் பத்திரமாகவே தோன்றுகிறது.

கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைந்தது 1492ஆம் ஆண்டில். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியது 1498இல். போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது 1511இல். இந்தக் குறுகிய கால அளவில் உலகின் காய்கறிகள் இடம்பெயரத் தொடங்கிவிட்டன. அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவையான மிளகாய், பரங்கி, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஆசியாவுக்கு வந்து சேர்ந்தன. வந்தவற்றுக்குத் தமிழர் புதிய சொல்லைத் தேடி அலையவில்லை. வீட்டிலிருந்த பழைய பெயரை எடுத்துக் கொடுத்தனர். மிளகு போல் காரமாயிருந்த காய் மிளகாய் ஆயிற்று. வள்ளிக்கிழங்கு போன்றதும் இனிப்பானதுமான கிழங்கு சர்க்கரைவள்ளி ஆயிற்று. மரம்போல் தண்டு உடைய செடியின் கிழங்கு மரவள்ளி ஆயிற்று. முருகப் பெருமானின் தேவியாகிய வள்ளியம்மை, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டதனால் அப்பெயர் பெற்றாள் என்பதைக் கந்தபுராணம் வழி அறிவோம். அந்த வள்ளி வேறு, இன்று நாம் வேகவைத்துத் தின்னும் சர்க்கரைவள்ளி வேறு.

போர்த்துகீசியருக்கு முந்திய சமையல் எப்படி இருந்தது என்பதற்குக் கோயில் கல்வெட்டுகளே சான்று. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, இறைவனுக்குப் படைக்கவேண்டிய கறிவகைகளுள் புளிங்கறி, பொரிக்கறி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவற்றையும் சொல்கிறது. மிளகாய் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. நம் ஏழுகறிக் கூட்டு அந்தப் புளிங்கறியின் வழிவந்தது என்று அடியேன் கருதுகிறேன். மிளகின் இடத்தில் மிளகாய் அமர்ந்ததுதான் பெரிய மாற்றம். புளியைப் பற்றியும் ஒரு சொல்: அரபியர் அதனை இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். தாவரநூல் வல்லாரோ அதன் தாயகம் ஆப்பிரிக்கா என்கின்றனர். நல்லவேளையாக அது மிகப் பழங்காலத்திலேயே வந்துவிட்டது. யாரும் அதனிடம் கடவுச்சீட்டு கேட்பதில்லை.

மலேசியத் தமிழர்களாகிய நாம் மகிழ்ந்து அறியவேண்டிய செய்தி மற்றொன்று உண்டு. கூட்டில் சேரும் வாழைக்காயின் முன்னோர் பயிராக்கப்பட்ட இடம் தென்கிழக்காசியத் தீவுகளும் நியூகினியுமாகும். மலாய்க்காரர்கள் குண்டோர் என்று வழங்கும் வெண்பூசணியும் இப்பகுதிக்கு உரியதெனவே கருதப்படுகிறது. கெலாடி எனப்படும் சேம்பு, சேனை, தெரோங் எனப்படும் கத்தரி ஆகியவை இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் பொதுவானவை. ஆக, நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்து இறங்கியபோது, இக்காய்களிற் சில தம் தாய்வீட்டிலேயே அவர்களுக்காகக் காத்திருந்தன எனலாம்.

என் அப்பாயி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து கங்காணி வழி வந்த பெற்றோருக்கு, பாகான் டத்தோ வட்டாரத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்தவர். லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு கொல்லைதான் அவருடைய காய்கறிச் சந்தை. அவரைக்காய் அங்கு நன்றாக வரவில்லை என்று அதன் இடத்தில் காச்சாங் பாஞ்சாங் எனும் நீண்ட பயற்றங்காயைச் சேர்ப்பார். சில ஆண்டுகளில் காச்சாங் போத்தோல் எனும் சிறகவரையும் சேரும். தேங்காய்க்குப் பஞ்சமில்லாத தோட்டம் ஆதலால் அவருடைய கூட்டு, ஊர்க் கூட்டைவிடக் கெட்டியாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஆனால் கொல்லையில் மிகுதியாக விளைந்த மரவள்ளியை மட்டும் அவர் ஒருபோதும் அந்தப் பானையில் சேர்த்ததில்லை.

காரணத்தை ஒருமுறை கேட்டேன். ஜப்பான் காலத்தைச் சொன்னார். 1942 தொடங்கி 1945 வரை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி நின்று போயிற்று. தோட்டத்து மக்கள் காலையும் மாலையும் மரவள்ளியே தின்று உயிர் பிழைத்தனர். அப்பாயிக்கு அப்போது பத்து, பன்னிரண்டு வயது. அவருடைய அண்ணன் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வராமற் போனதும் அக்காலத்திலேதான். "அந்தக் கிழங்குதான் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நல்ல நாளில் அதன் வாசனை இந்த வீட்டில் வேண்டாம்" என்றார். சர்க்கரைவள்ளியும் பஞ்சத்தில் உண்ட கிழங்குதானே என்று நான் கேட்டிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை.

அவர் செய்த முறையை இங்குப் பதிவு செய்வது என் கடமை எனக் கருதுகிறேன், ஏனெனில் அவர் எதனையும் எழுதிவைக்கவில்லை. பத்துப் பேர் உண்ணும் அளவுக்கு ஏழு காய்களும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ. துவரம் பருப்பு 200 கிராம். எலுமிச்சை அளவு புளி. சேனையையும் சேம்பையும் நறுக்கி முதலில் தனியே புளித்தண்ணீரில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். இல்லையேல் நாக்கு அரிக்கும். மற்றக் காய்களுக்குப் புளியை முதலிலேயே ஊற்றக்கூடாது, ஊற்றினால் அவை எளிதில் வேகா. வாழைக்காய், பயற்றங்காய், ஊறிய மொச்சை ஆகியவை வெந்த பிறகே பரங்கியும் சர்க்கரைவள்ளியும் உள்ளே போகவேண்டும். இவை இரண்டும் அவசரக்காரர்கள், சற்றுக் கவனம் தப்பினால் கரைந்துவிடும். பிறகு புளிக்கரைசல், வெந்த பருப்பு, வடித்துவைத்த கிழங்குகள். கொத்தமல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒன்று, மிளகாய் வற்றல் எட்டு, சிறிது பெருங்காயம், அரை மூடித் தேங்காய் ஆகியவற்றை எண்ணெயில் வறுத்து அரைத்து ஊற்றி ஒரு கொதி. கடைசியில் கடுகும் கறிவேப்பிலையும் தேங்காயெண்ணெயில் தாளிக்க வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை.

மடப்பள்ளி வாக்குவாதத்துக்கு வருவோம். பரங்கியும் மிளகாயும் சர்க்கரைவள்ளியும் உருளைக்கிழங்கோடு ஒரே கண்டத்திலிருந்து வந்தவை என்று பெரியவரிடம் பணிவோடு எடுத்துச் சொன்னேன். அவர் வியந்ததாகத் தெரியவில்லை. "அப்படியா? இருக்கட்டும். அதெல்லாம் எங்கள் அப்பாயி காலத்திலிருந்து சட்டியில் கிடக்கிறது. இது இன்றைக்குத்தான் லாரியில் வந்திருக்கிறது" என்றார். எனக்குப் பதில் தோன்றவில்லை. உருளைக்கிழங்கு மறுநாள் அன்னதானப் பொரியலாயிற்று. உபயகாரரும் ஒருவாறு மனம் தேறினார்.

சென்ற ஆண்டு சந்தையில் மலாய்ப் பெண்மணி ஒருவரின் கடையில், எப்போதாவது மட்டுமே கிடைக்கும் பெருவள்ளிக் கிழங்கைக் கண்டு மூன்று கிலோ வாங்கிச் சென்றேன். இதுதான் பழைய வள்ளி இனம் என்று சொன்னவுடன் பெரியவர் அதனைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏழு என்னும் கணக்குத் தவறக்கூடாது என்பதால் அன்று சர்க்கரைவள்ளியை விலக்கி வைத்தார். மறுநாள் பந்தியில் அமர்ந்த குழந்தைகள், இனிப்புக் கிழங்கு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆகவே இவ்வாண்டு இரண்டு வள்ளியும் உண்டு. ஒன்பது காயாகப் போட்டுவிடலாம் என்று பெரியவரே கூறியிருக்கிறார். ஒன்பதாவது காய் எதுவென்று இதுவரை முடிவாகவில்லை. உருளைக்கிழங்கு உபயகாரர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து விசாரித்துவிட்டார்.