குப்பைமேடும் ஒரு கோபால்ட் துண்டும்



கம்பத்தில் காயலான் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "சார், குப்பைமேட்டுல பொறுக்குற சாமானையும் வாங்குறேன். அதுல கதிர்வீச்சு இருக்குமான்னு எம்பொண்ணு கேக்குது" என்றான். பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகப் பேச்சு எழுந்த பிறகு, நம் பக்கம் டீக்கடையிலும் புழங்கும் சொல்தானே அது! அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமாக் கதிர்க் கருவி ஒன்று 1985 முதல் சும்மா கிடந்தது. 2010 பிப்ரவரியில் அதை ஏலம் விட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதன் ஈய உறையை உடைத்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. கையாண்டவர்களுக்குத் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ஏப்ரலில்தான் காரணம் தெரிந்தது. ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 25 ஆண்டில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். மிஞ்சியதே உயிரைக் குடித்தது.

கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடாது. விஞ்ஞானிகள் அளவுமானியோடு கடை கடையாக ஏறி இறங்கித்தான் கண்டுபிடித்தார்கள்.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. கதிர்வீச்சே இல்லாத இடம் பூமியில் கிடையாது. மண், பாறை, வானம் எல்லாவற்றிலிருந்தும் மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் இயற்கையாகவே வருகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணலால் இன்னும் கூடுதல். அதனால் முதலில் குப்பைமேட்டுக்குத் தள்ளி, அதே மாதிரி மண்ணில், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பிறகு மேட்டைச் சுற்றி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேதி சொல்லும். வீட்டுக் குப்பையில் பெரும்பாலும் வித்தியாசம் இராது. பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

ஒரு குற்ற உணர்வையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் பாடம் நடத்தியும், மூன்று இதழ் விசிறி போன்ற அந்த எச்சரிக்கைச் சின்னத்தை ஒரு நாளும் கரும்பலகையில் வரைந்து காட்டியதில்லை. அன்றுதான் ஒரு தாளில் வரைந்து கொடுத்தேன். "இந்தச் சின்னமோ, காரணமில்லாமல் கனக்கும் ஈயப் பெட்டியோ வந்தால் உடைக்காதே, தொடாதே. ஆட்களை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்" என்றேன்.

தராசுக்கு மேலே ஒட்டிவிட்டதாக நேற்று போனில் சொன்னான். பிந்திப் போன பாடம்தான். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுங்கள்.