புகையைப் பார்த்தாலே பாதி தெரியும்... கரிசல் காட்டுல வண்டி நின்னா என்ன செய்யணும்?

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போய், மெயின் ரோட்டைவிட்டு இறங்கிப் பாருங்கள். கரிசல் மண், சீமைக்கருவேலங்காடு, கண்மாய்க்கரை, குண்டாற்று மணல். இங்கே 'ஆஃப் ரோடு' என்பது ஞாயிற்றுக்கிழமை சாகசம் இல்லை. கரிமூட்டத்துக்கு லோடு ஏத்தப் போகிற பிக்கப்புக்கும், தோட்டத்துக்குப் போகிற பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் அது தினசரிப் பிழைப்பு. தார் வாங்கிவிட்டு தாரே இல்லாத ரோடு தேடி வருகிற நம்ம பசங்களும் இப்போ இந்த லிஸ்ட்டில் உண்டு.

நடுக்காட்டில் வண்டி மக்கர் பண்ணினால், 'இன்ஜின் போச்சு' என்று உடனே பதறாதீங்க. பெரும்பாலும் காற்று, டீசல், தண்ணீர் இந்த மூணில் ஒண்ணுதான் தகராறு. அதைக் கண்டுக்காமல் 'ஊருக்குப் போய் பார்த்துக்கலாம்' என்று ஓட்டும்போதுதான் இன்ஜின் உண்மையிலேயே போகும்.

புகை என்ன கலர்?

டீசல் வண்டியில் கரும்புகை வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் மேல், அடுத்துதான் இன்ஜெக்டர். நீலப்புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் வெள்ளைப்புகை வருவது சகஜம். சூடான பிறகும் அது நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும்.

புழுதிதான் முதல் எதிரி

கோடையில் கரிசல் புழுதி மாவு மாதிரி பறக்கும். அது ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். பிக்கப் குறையும், ஆயில் குறையும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்தால், குபுகுபுவெனப் புகை வரும். மெக்கானிக்குகள் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அந்தக் கட்டத்தில் செலவு பெரிசு; இன்ஜினைப் பிரிக்கணும்.

அதனால் காட்டுக்குள் ஓடுகிற வண்டிக்கு, மேனுவலில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவாதீங்க. உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த பிரஷர் காற்றில் ஊதினால் போதும். கிழிசல் இருந்தால் புதுசுதான். பழைய ஜீப், டிராக்டரில் ஆயில் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர் இருக்கும். அடியில் சேறு படிந்திருந்தால் கழுவி, கோடு வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்க. அதிகமாக ஊற்றினால் அதையும் இன்ஜின் இழுத்து எரிக்கும்.

ஒரு சின்ன டெஸ்ட்... இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஃபில்டருக்கு அப்புறம் வருகிற குழாயைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்க. விரலில் புழுதி ஒட்டினால், ஹோஸ் வெடித்திருக்கிறது அல்லது கிளாம்ப் லூஸ். ஃபில்டர் புதுசாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ஊசி மேலே ஏறுதா?

மணலில் சின்ன கியரில், அதிக ரேஸில், மெதுவாக ஊர்ந்தால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைக்காது. போதாக்குறைக்கு கருவேல இலையும் புல் விதையும் ரேடியேட்டர் தகட்டில் அப்பிக்கொள்ளும். டெம்பரேச்சர் ஊசி ஏற ஆரம்பித்தால் ஏ.சி-யை நிறுத்தி, ஹீட்டரை ஃபுல்லாக வையுங்க. வெயிலில் கொடுமைதான்... ஆனால், அது இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே இழுக்கும். ஆவி பறந்தாலோ, கூலன்ட் ஒழுகினாலோ உடனே ஆஃப். அதன் பிறகு 1 கிலோமீட்டர் ஓட்டுவதுகூட ஹெட் வளைய வழிசெய்யும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வைக்காதீங்க. உள்ளே பிரஷரில் அடைந்திருக்கிற கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, கையால் தொட முடிகிற சூட்டுக்கு வந்த பிறகு திறங்க. சூடான இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை மடமடவென ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழலாம்.

இன்னொரு உள்ளூர்ப் பிரச்னை, உப்புத் தண்ணி. பக்கத்துத் தோட்டத்து போர் தண்ணியை ஊற்றி ஓட்டினால், வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே வெள்ளைப் படிவம்... அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். அவசரத்துக்கு ஊற்றினாலும், ஊருக்குப் போனதும் கழுவிவிட்டு சரியான கூலன்ட் மாற்றிடுங்க.

ஸ்டார்ட் ஆகலையா?

'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி டெர்மினலைப் பாருங்க. பச்சை, வெள்ளைப் பூ பூத்திருக்கும். சுத்தம் செய்து இறுக்கினாலே பல நேரம் சரியாகும். இன்ஜின் சுற்றியும் பற்றவில்லை என்றால் டீசல் பக்கம் வாங்க. ஃபில்டர் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கின தண்ணீரை வடியுங்க. டேங்க் காலியாகி ஏர் பிடித்திருந்தால், பழைய ஜீப்பில் ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை ஹேண்ட் பம்ப்பை அடிக்கலாம். ஆனால், புது காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகிற குழாயைத் தளர்த்தவே கூடாது. அங்கே பிரஷர் 1,000 பாருக்கு மேல் போகும். கார் டயரில் இருப்பது வெறும் 2 பார் சொச்சம். அந்த டீசல் பீய்ச்சினால் தோலைத் துளைத்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில்...

மழைக்காலத்தில் தரைப்பாலத்தில் தண்ணி போகும்போது, முன்னாடி போன பஸ்ஸைப் பார்த்து நாமும் இறக்கிவிடுவோம். இழுக்கிற காற்றோடு தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீருக்குள் வண்டி நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீங்க. ஆள் பத்திரமாக வெளியேறி, தண்ணீர் வடிந்ததும் டிராக்டர் வைத்து இழுங்க. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாருங்க. ஆயில் பால் காபி கலரில் இருந்தால், உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டிக் சுத்தமாக இருந்தாலும், மெக்கானிக் வந்து சிலிண்டரில் இருக்கிற தண்ணீரை வெளியேற்றும்வரை சாவி உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.